மஞ்சள் புள்ளி வைத்த பல்சக்கரம்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மோப்பக்காரர் என்றால்தான் தெரியும். எந்தக் காலத்து வண்டியானாலும் சரி, என்ன உடைந்திருந்தாலும் சரி, மனுஷன் மோப்பம் பிடித்து அந்த உதிரிப் பாகத்தைக் கொண்டுவந்துவிடுவார் என்று பேச்சு. பேச்சுக்கென்ன, நாக்கில் எலும்பா இருக்கிறது? அந்தப் பேரில் பாதி, பட்டறைப் பின்கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற ஒரு தையல்காரரின் காரிலிருந்து கழற்றியது. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

கார் வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். வெளிர்நீலம், உருண்டை முதுகு. தையல்காரரின் அப்பா நாற்பது வருஷம் வாடகைக்கு ஓட்டிய வண்டி. கியர் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்துக்குப் பல் போயிருந்தது, மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு மாசம் பொறுங்கள், தேடிப் பிடித்துவிடுகிறேன் என்றார் மோப்பக்காரர். பொய் இல்லை. முதல் ஆறு மாதம் செருப்புத் தேயத் தேடவும் செய்தார்.

அப்புறம்தான் ஒரு டாக்டரம்மா வந்தார். அவருடைய காருக்குக் கதவின் உள்கைப்பிடி இல்லை, மறுநாளே கண்காட்சியில் நிறுத்தியாக வேண்டும். சும்மா நிற்கிற காரில் அதே கைப்பிடி இருக்கிறதே என்று தோன்றியது. இப்போதைக்குக் கழற்றி மாட்டுவோம், அடுத்த வாரம் வேறொன்று கிடைத்தால் இங்கே மாட்டிவிட்டால் போயிற்று. இந்தத் தொழிலில் எவன்தான் செய்யாத வேலை? இதை எங்கே பிடித்தீர்கள் என்று டாக்டரம்மா வாய் பிளந்தபோது, அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்து வைத்தார். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை.

ஒரு தடவை கை வைத்தால் போதுமே, கைக்கு வழி தெரிந்துவிடும். விளக்கு வளையம் போயிற்று. ஹாரன் போயிற்று. வேகம் காட்டும் மீட்டர், ஸ்டியரிங், கடைசியில் முன் சீட்டு இரண்டும். ஒவ்வொன்று போகும்போதும் மோப்பக்காரர் பேர் ஒரு சுற்றுப் பெருத்தது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுச் சாப்பிட வரும்போதெல்லாம் மனைவி அவர் முகத்தைப் பார்ப்பாள். "இன்னைக்கு எதைக் கழட்டினீங்க? முழியே சரியில்லையே" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். அவர் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார்.

தையல்காரர் மாதம் ஒரு முறை வந்தார். பின்னால் ஒரே எண்ணெய், வெள்ளைச் சட்டை பாழாகிவிடும் என்று சொல்லி, முன்வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுவார் மோப்பக்காரர். தேடிக்கொண்டே இருக்கிறேன் என்பார். அவரும் நம்பிப் போவார். அப்படி நம்புகிறவனை ஏமாற்ற எப்படித்தான் மனசு வந்ததோ!

இதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. பழைய இரும்புக் கிடங்குகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேடி வந்த பாகத்தைக் கண்டவர் அதில் தன் நிறத்தில் ஒரு பெயிண்ட் புள்ளி வைத்துவிட்டால், அவர் வந்து எடுக்கும்வரை வேறு யாரும் தொட மாட்டார்கள். மோப்பக்காரர் நிறம் மஞ்சள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிடங்கில் அந்தப் பல்சக்கரமே கிடைத்துவிட்டது. பார்த்த சந்தோஷத்தில் பழக்கதோஷமாகக் கை புள்ளியை வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் யோசித்தார். இதைக் கொண்டுபோய் எந்தக் காரில் மாட்டுவது? கொட்டகையில் நிற்பது வெறும் கூடு அல்லவா? சக்கரத்தைத் தகரங்களுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிட்டார்.

போன வாரம் ஒரு காலையில் தையல்காரர் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். ரவிக்கைத் துண்டுத் துணிகளில் சுற்றியிருந்த பொட்டலத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். பல்சக்கரம். ஓரத்தில் மஞ்சள் புள்ளி.

"நானே கிடங்கு கிடங்கா தேடிப் போனேன் அண்ணே. கிடங்குக்காரர் தரவே மாட்டேன்னாரு, இது மோப்பக்காரர் புள்ளின்னு. உங்க பட்டறையில நிக்கிற வண்டிக்குத்தான்னு சொன்ன பிறகுதான் கொடுத்தாரு. ரெண்டு வருஷமா கிடக்குதாம். உங்களுக்கு இருக்கிற வேலையில மறந்துட்டீங்க, பாவம்" என்றார். அப்பாவையும் ஆட்டோவில் கூட்டி வந்திருப்பதாகவும், அவருக்குக் கண் மங்கிவிட்டதால் காரில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாலே போதும் என்கிறார் என்றும் சொன்னார்.

தப்பிக்கிற வழியை அந்த மனுஷனே கையில் கொடுத்துவிட்டார். ஆமாம், மறந்துவிட்டேன் என்றால் முடிந்தது. மோப்பக்காரர் பல்சக்கரத்தை எடுத்துப் பார்த்தார். தானே வைத்த புள்ளி, காய்ந்து வெடித்திருந்தது. இவர் தன்னை நினைத்துப் பாவப்படுகிறாரே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மறக்கல" என்றார். எழுந்து பின்கொட்டகைக்கு நடந்தார். தையல்காரர் பின்னால் வந்தார். தார்ப்பாயை மோப்பக்காரரே இழுத்துக் கீழே போட்டார்.

தையல்காரர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விளக்கு இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று மோப்பக்காரர் நின்றார். அடித்திருந்தால் தேவலை. அவரோ தார்ப்பாயை எடுத்து, துணியை மடிப்பதுபோல ஓரம் சேர்த்து, மறுபடி காரைப் போர்த்தினார்.

"அப்பாகிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

பெரியவர் ஆட்டோவில் கைத்தடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வாசனை வந்ததும், தேடிக்கொண்டே இருந்த தம்பியா என்று கையை நீட்டினார். மோப்பக்காரர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தேடவில்லை ஐயா, கழற்றிக் கொடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்து, எது எந்தக் காருக்குப் போயிற்று என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு வாங்கி மாட்டுகிறேன் என்றார். டாக்டரம்மா வீட்டிலிருந்து தொடங்குவதாகச் சொன்னார்.

பெரியவர் நீட்டிய கையைத் தடிமேல் வைத்துக்கொண்டார்.

"டிரைவர் பக்கத்து உள்கைப்பிடியா?" என்றார். "அது வெறுமனே இழுத்தா திறக்காது தம்பி. லேசா மேல தூக்கி இழுக்கணும். தெரியலைன்னா, ஒரு அவசரத்துக்கு இறங்க முடியாம உள்ளேயே மாட்டிக்குவாங்க. அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

மோப்பக்காரர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லலைங்க ஐயா" என்றார்.