காலஞ்சென்ற

ஊர்காவற்றுறையில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் எனக்கு நிர்வாக உத்தியோகத்தர் என்று பெயர். பெயர் மட்டும்தான் பெரிது. ஓடர் எடுப்பதும் நான், கணினியில் அடிப்பதும் நான், படம் சின்னனாய்ப் போச்சு என்று கனடாவிலிருந்து வருகிற ஏச்சை வாங்குவதும் நான். முதலாளி ஒரேயொரு விதி போட்டிருந்தார். மாதிரித் தாளில், அடிக்கக் கொடுத்த வீட்டுக்காரர் கையெழுத்து வைக்காமல் எதுவும் மெசினுக்குப் போகக் கூடாது. பிறகு பிழை வந்தால் அது அவர்களுடைய பிழை.

எழுவைதீவிலிருந்து ஒரு அக்கா மகளின் திருமண அழைப்பிதழ் அடிக்க வந்தார். அவருடைய கணவர் கடலுக்குப் போய் மூன்று வருடம். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இந்தியாவில் பிடிபட்டு மறியலில், சிறையில், இருக்கக்கூடும் என்று யாரோ சொன்னதை இவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் கணவரின் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்றுதான் இருந்தது. நான் அப்படியே அடித்தேன்.

அடுத்த நாள், மாதிரியின் படத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் தமக்கை கனடாவிலிருந்து போன் எடுத்தார்.

“தகப்பன்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடுங்கோ. இல்லாட்டி ஆள் எங்கை எண்டு சனம் கோயில் வாசலிலை நிண்டு கேக்கும். எங்களாலை பதில் சொல்லேலாது.”

“தாய் வந்து சொல்லட்டும். நான் போடுறன்.”

“அவ சொல்லுவா. சொல்லாட்டி இந்தக் கல்யாணம் நடக்காது எண்டு சொல்லிவிடுங்கோ.”

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். ஒரு மனிசனைச் சாகடிக்க இவர்களுக்கு ஒரு போன் போதும்!

அந்த அக்காவுக்கும் செய்தி போயிருந்தது. காலைப் படகில் வந்தார். நான் எனக்குத் தெரிந்த கெட்டித்தனத்தில், தாயின் பெயரை மட்டும் போட்டு இன்னொரு மாதிரியும் அடித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

“ஏன் தங்கச்சி, என்ரை பிள்ளை தேப்பன் இல்லாமலே பிறந்தவள்?”

‘காலஞ்சென்ற’ என்று அடித்திருந்த மற்றத் தாளை நீட்டினேன். அந்தச் சொல்லில் விரலை வைத்தார்.

“அவர் வந்து இதைப் பாத்தா என்ன நினைப்பார்?”

“அக்கா, இது சும்மா ஒரு சொல்லுத்தானே” என்றேன். என்ன மண்ணாங்கட்டிக்கு அப்படிச் சொன்னேனோ.

“சும்மா சொல்லெண்டா அவை ஏன் அதைக் கேக்கினம்?”

 திரும்பிப் போகிற படகுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “அவளாவது வாழட்டும்” என்று பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். திகதியையும் போட்டார்.  கல்யாணம் நன்றாக நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் வந்தார். கையில் கணவரின் அடையாள அட்டைப் படம்.

“நினைவு அட்டை அடிக்கவேணும் தங்கச்சி. கல்யாணக் கார்ட்டிலை காலஞ்சென்ற எண்டு போட்டாச்சு, இனி ஆத்துமாவுக்குப் பூசை குடுக்காமல் இருக்கிறது சரியில்லை எண்டு சனம் சொல்லுது. நானும் எத்தினை பேரோடை சண்டை பிடிக்கிறது?”

மறியலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.  படத்தை ஸ்கான் பண்ணினேன். பிறந்த திகதியை அடித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்கிற கேள்வி, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“இறந்த திகதி என்ன அக்கா?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் அழவில்லை. கோபப்படவும் இல்லை.

“நான் இங்கை கையெழுத்து வைச்சனான் எல்லே, அந்தத் திகதியைப் போடுங்கோ. அண்டைக்குத்தானே அவர் செத்தவர்.”

பழைய தாளைத் தேடி எடுத்து, பார்த்து அடித்தேன். பிறகு, விதிப்படி, இந்தத் தாளையும் கையெழுத்துக்கு நீட்டினேன்.