மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வித்தாள்

எனக்கு பஜ்ஜி பிடிக்காமல் போய் ஒரு வருடம் ஆகிறது. வாழைக்காய் பஜ்ஜியின் மேல் எந்தக் கோபமும் இல்லை. அதைச் சாப்பிட நேர்ந்த சூழ்நிலைகள் அப்படி...

எங்களுக்குத் திண்டுக்கல். என் தம்பி தாமஸுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஸ்டெல்லா. சின்னாளப்பட்டி போகிற ரோட்டில் ஒரு கல்லூரியில் நூலகர். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. முந்தின வருடம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தால், சாயங்காலம் யாராவது அவளைப் பெண் பார்க்க வருவார்கள். வருகிறவர்களை வரவேற்க ஒரு பெரிய மனிதர் வேண்டாமா? அந்த உத்தியோகம் எனக்கு. வாத்தியார், பத்திரிகையில் வேறு எழுதுகிறவர், சபைக்கு ஒரு கௌரவம் என்று தம்பி நினைத்துவிட்டான்.

கேசரி, பஜ்ஜி, காப்பி. அப்புறம், 'பையனும் பொண்ணும் கொஞ்சம் பேசட்டுமே' என்று யாராவது பெருந்தன்மையாகச் சொல்வார்கள். இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போவார்கள். துணைக்கு நான். தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டு, எதுவுமே காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். காதுக்கு என்ன கதவா இருக்கிறது? எல்லாம் விழும்.

வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். சமைக்கத் தெரியுமா? கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீர்களா? எங்கள் ஊர்ப் பக்கம் வேலை கிடைக்குமா? ஒருவர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக, 'கண்ணாடி எப்பவுமே போடணுமா, படிக்கும்போது மட்டுமா?' என்று கேட்டார். ஸ்டெல்லா எல்லாவற்றுக்கும் அடக்கமாகப் பதில் சொல்வாள். போய்க் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக அவர்களும் கிளம்புவார்கள். பாதிப் பேர் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகும் அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே சொன்னாள்.

"அடுத்த தடவை நான் கேக்குறேன் பெரியப்பா."

அவள் கல்லூரியில் முதல் வருடம் சேருகிற பிள்ளைகள் நூலகத்துக்குள் வந்தால் வாயே திறக்க மாட்டார்களாம். கிராமத்துப் பிள்ளைகள். புத்தகத்தைத் தொட்டால் திட்டுவார்களோ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைப் பேச வைக்க ஸ்டெல்லா சில விளையாட்டுக் கேள்விகள் வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆளா நீ? பக்கத்தை மடிப்பாயா, சீட்டு வைப்பாயா? புதுப் புத்தகத்தை மோந்து பார்த்ததுண்டா? படித்துக்கொண்டே கொறிக்க எது சரி - முறுக்கா, கடலையா? ஒரு ராத்திரி முழுக்க நூலகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் முதலில் எந்த அலமாரிக்குப் போவாய்?

இரண்டாவது கேள்வியிலேயே சிரித்துவிடுவார்களாம். சிரித்துவிட்டால் அப்புறம் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒருத்தி, பூட்டினால் பயத்தில் ஜன்னலைத்தான் தேடுவேன் என்றாளாம். அதுவும் நல்ல பதில்தானே?

அடுத்து வந்தவர் ஜெரால்டு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தம்பி வீட்டில் அன்று கேசரியில் முந்திரி அதிகம். மாடிக்குப் போனதும் ஸ்டெல்லா தொடங்கினாள். ஜெரால்டு அசரவில்லை. தான் படிக்காத புத்தகமே இல்லை என்றார். வாரத்துக்கு இரண்டு முடிப்பாராம். எதைச் சொன்னாலும், 'ஓ, படிச்சிருக்கேன்' என்றார்.

ஸ்டெல்லாவின் கண் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் போனது. அப்புறம் 'தொட்டிக்குள் ஒரு நிலா' படித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அப்படி ஒரு நாவல் எனக்குத் தெரிந்து கிடையாது. அந்த நிமிடம் அவள் கட்டியது.

"நல்ல நாவல்ங்க. ஆனா கிளைமாக்ஸ்தான் கொஞ்சம் இழுவை" என்றார் ஜெரால்டு.

செய்தித்தாள் பெரிய அளவில் அச்சாவது ஏன் என்று அன்று எனக்குப் புரிந்தது. முழு முகத்தையும் மறைக்கலாம்.

அவர்கள் வீட்டில் மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்டெல்லா வேண்டாம் என்றுவிட்டாள். தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைத்தான் பிடித்துக்கொண்டான். "புத்தகத்துல பொய் சொன்னா ஒரு குத்தமாண்ணே? அதுக்குப் போயி இம்புட்டு நல்ல எடத்த விடுவாங்களா?" என்றான். அவனுக்கு ரத்தக்கொதிப்பு. சின்னவளுக்கும் வயது ஏறுகிறது. அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஸ்டெல்லாவிடம், 'சின்னப் பொய்தானே, அதனால் என்ன?' என்று நானும்கூடக் கேட்டேன். அவர் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறார், நாளைக்கு வேறு எதற்கெல்லாம் கூச்சப்படுவார் என்று யோசித்துக்கொண்டே என்னால் வாழ முடியாது என்றாள்.

தம்பி மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அது போதாதென்று, ஊருக்குள் பேச்சு கிளம்பியது. தாமஸ் மகள் மாப்பிள்ளைகளுக்குக் கொஸ்டின் பேப்பர் கொடுக்கிறாளாம்... பாஸ் மார்க் வேறு உண்டாம்... பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வரன் வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கிற ஞாயிறு இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஸ்டெல்லா வேலைக்குப் போனாள், வந்தாள். முன்பெல்லாம் என் வீட்டுக்கு வந்தால் புத்தகப் பேச்சுதான். அது குறைந்தது. ஒருநாள் தன் அம்மா ரோசாலியிடம், இனி யார் வந்தாலும் சரி, நீங்களே முடிவு பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். ரோசாலி அதை என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பல மாதம் கழித்து ஒரு வரன் வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். பெயர் பிரிட்டோ. முப்பத்தைந்து வயது. அம்மாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வெயிலில் வந்த களைப்பு மூன்று பேர் முகத்திலும் இருந்தது. எங்கள் முகத்திலும் களைப்புதான். ஆக, முகப்பொருத்தம் இருந்தது.

மாடிக்குப் போனோம். நான் என் நாற்காலியில். இந்தத் தடவை பிரிட்டோதான் தொடங்கினார். கேள்வி கேட்பீர்கள் என்று சொன்னார்கள், எனக்குப் புத்தகப் பழக்கம் இல்லை, ஃபெயில் என்று போட்டுவிட்டால் கீழே போய்க் காப்பி குடிக்கலாம் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதற்குத் தயாராக வந்திருந்தார்.

இன்றைக்குக் கேள்வி எதுவும் இல்லை என்றாள் ஸ்டெல்லா. குரலில் உயிரே இல்லை.

"இல்லைங்க, ஒண்ணாவது கேளுங்க. பஸ்ல வர்றப்ப அம்புட்டு நேரமும் அதத்தான் நெனச்சிட்டு வந்தேன்" என்றார் அவர்.

அவள் வேண்டாவெறுப்பாக, நூலகத்துக்குள் ராத்திரி முழுக்க வைத்துப் பூட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பிரிட்டோ யோசிக்கவே இல்லை.

"தூங்குவேங்க. மில்லுல மிஷின் சத்தம், வீட்ல டிவி சத்தம். சத்தமில்லாத எடத்துல தூங்கி ரொம்ப வருசமாச்சு."

ஸ்டெல்லா சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். செய்தித்தாளில் ஒரே வரியை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, எழுந்து கீழே போய்விடலாமா என்று தோன்றியது. அந்த இடத்தில் நான் எதற்கு?

சிரித்து முடித்தவள், அவள் விளையாட்டில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"உங்க வீட்ல நான் எங்க உக்காந்து படிப்பேன்?"

அவர் மனதுக்குள் தன் வீட்டைச் சுற்றி வருகிறார் என்று தெரிந்தது. முன்னறை, பின்னறை, அடுப்படி, அண்ணன் பிள்ளைகள் படுக்கிற இடம்... ஒரு சுற்று போய் வந்து, "எடம் இல்லைங்க" என்றார். அவ்வளவுதான். கீழே வந்து காப்பி குடித்தோம்.

இரண்டு நாளில் தகவல் வந்தது. மாப்பிள்ளைக்கு விருப்பம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நம் வீடு சரிப்படாது என்று மட்டும் சொன்னாராம். தம்பி நொறுங்கிப்போனான். மில்காரனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் பார் என்று ரோசாலியிடம் கத்தியிருக்கிறான்.

சனிக்கிழமை ஸ்டெல்லா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேடசந்தூர் வரைக்கும் போக வேண்டும், துணைக்கு வாருங்கள் என்றாள். எனக்கு மூட்டு வலி. வெயில் வேறு. வர முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

மில் வாசலில் பகல் ஷிப்ட் விடுகிற நேரம். மில் பஸ்கள் வரிசையாக நின்றன. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு புறப்பட்டன. கூட்டத்தில் பிரிட்டோ வந்தார். புருவத்தில், தலையில் எல்லாம் பஞ்சு. எங்களைப் பார்த்ததும் முதலில் தலையைத்தான் தட்டிக்கொண்டார்.

ஸ்டெல்லா நேராக விஷயத்துக்கு வந்தாள். "எடம் இல்லன்னு சொன்னீங்க, அது சரி. வேண்டாம்னு நான்தான சொல்லணும்? நீங்களா எப்படிச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு மில் பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"வீட்ல அண்ணிக்கு கல்யாணத்துக்கு முன்னாடி நல்லாப் பாட வருமுங்க. இப்பப் பாடுறதில்ல. யாரும் வேண்டாம்னு சொல்லல... நேரமில்ல, எடமில்ல. தானா நின்னு போச்சு. உங்களுக்கும் அப்படி ஆச்சுன்னா, அதப் பாத்துட்டு இருக்க எனக்கு ஏலாது."

தம்பி வீட்டு மாடியில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவரும் பேசியதில்லை.

ஸ்டெல்லா, திண்டுக்கல்லில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்தால் என்ன என்று கேட்டாள். அவளுக்கும் பஸ் உண்டு, அவருக்கும் மில் பஸ் உண்டு. பிரிட்டோ முகம் வாடிவிட்டது. அம்மா இருக்கிறார்களே, தனியாகப் போகிறேன் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது என்றார்.

அப்படியானால் நானே கேட்கிறேன் என்றாள் இவள்.

அவர் வீடு நடக்கிற தூரம்தான் என்றார்கள். என் மூட்டு வலியிடம் யாரும் கேட்கவில்லை. உள்ளே டிவியில் சீரியல். இரண்டு பிள்ளைகள் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தன. பிரிட்டோவின் அம்மா சவேரியம்மாள் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். டிவி சத்தத்தில் பேச்சே கேட்காததால் எங்களைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். ஸ்டெல்லா, அவர் மனது நோகாமல், எல்லாவற்றையும் சொன்னாள். தனியாக வீடு பார்த்தால் உங்களுக்குச் சங்கடமா என்று கேட்டுவிட்டு நின்றாள்.

பிரிட்டோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன ரூமு?" என்றார் சவேரியம்மாள்.

இரண்டு என்றாள் ஸ்டெல்லா.

"அதுல ஒண்ணு எனக்கு. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து செத்த நேரம் சும்மா உக்காந்ததில்ல தாயி. எனக்கும் எடம் வேணும். நானும் வாரேன்."

பிரிட்டோ தன் அம்மாவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. அவரை மட்டும் சொல்வானேன்? யார் வீட்டில் யார் இதைக் கேட்டிருக்கிறோம்?

விஷயம் தெரிந்ததும் தம்பி என்னைப் பார்த்து, பொண்ணு போய் மாப்பிள்ளை கேட்டாளா, நீயும் கூடப் போனாயா என்று சத்தம் போட்டான். சத்தம் போட்டு ஓய்ந்து, தண்ணீர் குடித்து, அடுத்த தெருவில் ஒரு வீடு காலியாக இருப்பதாகச் சொன்னான். தவக்காலம் முடிந்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நடந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா வேலை விட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது. டிவி இல்லை. மடியில் புத்தகம். ஆனால் முகத்தில் சலிப்பு.

படிக்க முடிகிறதா என்று கேட்டேன். எங்கே, அத்தை விட்டால்தானே என்றாள். சவேரியம்மாளுக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்புரை. ஆனால் இப்போது நேரம் நிறைய இருக்கிறது. மருமகள் புத்தகத்தைத் திறந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாராம். சத்தமாகப் படிக்க வேண்டும். கதையில் யாராவது தப்புப் பண்ணினால் நிறுத்தி, ஏன் அப்படிப் பண்ணினான் என்று விளக்க வேண்டும். ஒரு பக்கம் நகர அரை மணி நேரம் ஆகிறதாம். மனதுக்குள் படித்து எத்தனை நாளாகிறது தெரியுமா பெரியப்பா என்றாள்.

போன மாதம் ஒரு நாவல். கோபித்துக்கொண்டு போன பெண் கடைசியில் வீட்டுக்குத் திரும்பி வருகிறாளா இல்லையா என்று மாமியாருக்குத் தூக்கம் வரவில்லை. முடிவைச் சொல்லிவிட்டுத் தூங்கு என்றிருக்கிறார். அவள் வரவில்லை என்று ஸ்டெல்லா உண்மையைச் சொல்லிவிட்டாள். கிழவிக்குக் கோபம். இரண்டு நாள் மருமகளோடு பேசவே இல்லையாம்.

அந்த இரண்டு நாளில் ஸ்டெல்லா ஒரு முழுப் புத்தகத்தை முடித்துவிட்டாள்.