நாற்பது பேர் பட்டியல்

இதை எழுத உட்கார்ந்து, எழுந்து, எத்தனையோ வருஷம் கடத்திவிட்டேன். எட்டாவது வரை படித்தவள் என்பது ஒரு சாக்கு. நிஜமான காரணம் பயம்.

ஓவேலியில் எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை வண்டி வருவதாக நர்ஸம்மா வந்து சொன்னார். நான் மகளிர் குழுத் தலைவி. பட்டியல் என் பொறுப்பு.

"நாப்பது பேருக்குத்தானுங்க சாமான் இருக்குது. மறுபடி எப்ப வரும்னு எனக்கே தெரியாது. முப்பது வயசுக்கு மேல யாருக்கு முதல்லன்னு நீங்களே பார்த்து எழுதுங்க. மாதவிலக்கு நின்ன பிறகும் ரத்தம் படுறவங்க இருந்தா எங்கிட்ட தனியாச் சொல்லுங்க. அவங்க நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் தவறிய பிறகு எங்களோடுதான் இருந்தார். திருவிழாவில் பால்குடம் எடுத்த அன்றே ரத்தம் பட்டிருக்கிறது. "தீட்டோட குடம் எடுத்தவன்னு லைன்ல பேசுவாளுக" என்று அழுது, மாரியம்மன் முன்னால் சூடம் ஏற்றி, யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

கோயில் வாசலில் எல்லோரும் கூடினோம்.

"கைப்பிள்ளைக்காரிங்க முதல்ல" என்றாள் ஒருத்தி.

"புருஷன் இல்லாதவளுக்கு இதெல்லாம் எதுக்கு? அவங்களுக்கு வராது" என்றாள் இன்னொருத்தி.

"உன் புருஷன் இருந்தும் இல்லாத மாதிரிதான். நீயும் கடைசியில நில்லு" என்று அவளை மடக்கினாள் வேறொருத்தி.

சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து எழுதினேன். நாற்பது பெயரில் ஒரு விதவையின் பெயர்கூட இல்லை.

பட்டியலை வாங்கிய நர்ஸம்மா, "தனியாச் சொல்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"யாருமில்லைங்க" என்றேன்.

சொன்னால் அம்மனுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அக்காவுக்கு. தினமும் விளக்கேற்றி வழி கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை.

கால் வீங்கி, வலியில் எழ முடியாமல் போன பிறகுதான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டி, "அவளைக் கேளுங்க சார். அவளுக்குத் தெரியும்" என்றார். சொன்னேன். "அப்பவே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர்.

அடுத்த திருவிழாவுக்கு அக்கா இல்லை.

எந்தத் துரோகம் பெரியது என்று அம்மனுக்குத்தான் தெரியும். படிக்கிறவர்கள் இதை மற்றப் பெண்களிடம் உள்ளபடியே சொல்லுங்கள். நர்ஸம்மா மேல் பழி போட வேண்டாம். நான் விவரம் தெரியாமல் இருந்துவிட்டேன் என்று, இரக்கப்பட்டுக்கூட மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.