உறையாத வாய்க்கால்

1986 தை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து மாமா எழுதிய வான்கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. எழுதிய திகதியைத் தபால் முத்திரை மறைத்துவிட்டது. “பெரியத்தான் ஏறிய பஸ் வந்து சேரவில்லை. இனிச் செய்யவேண்டியதைச் செய்யவும்.” அப்பாவின் தமையனாரான என் பெரியப்பாவைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் அதில் இல்லை.

செய்யவேண்டியது அந்தியேட்டி, செத்தவருக்கான கடைசிக் கிரியை. இறந்த நாள் தெரியாதவருக்கு அமாவாசை என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். எள்ளுச் சோற்றை ஓடும் நீரில் விடவேண்டும். மாசி மாதத்து ரொறன்ரோவிலோ கரையெல்லாம் பனிக்கட்டி. ஓடும் நீரைக் கண்டுபிடித்தவர் சித்தப்பா. கிழக்கே ஒரு சிறு நகரத்தில், ஏரிக்கரைக் கம்பிவேலி முடியுமிடத்தில், கல்வாய்க்கால் ஒன்று ஆவி பறக்க ஏரியில் விழுந்துகொண்டிருந்தது.

“பாத்தியளே அண்ணை, எங்களுக்கெண்டே உறையாமல் ஓடுது.”

அம்மா மூக்கைச் சுளித்தார். “குளோரின் மணக்குது.”

“கனடாவில ஆறும் துப்புரவாத்தான் இருக்கும், அண்ணி.”

அப்பா சோற்று உருண்டைகள் வைத்த அலுமினியத் தட்டை நீரில் விட்டார். அது போகவில்லை. கல்லொன்றில் தட்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்போதுதான் வேலிக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. முழங்கால்வரை றப்பர் சப்பாத்துப் போட்ட ஒருவர், தண்ணீர் மொள்ளும் நீளக் காம்புக் கரண்டியோடு எங்களை நோக்கி ஓடிவந்தார். மற்றக் கையில் வோக்கிடோக்கி.

“பொலிசைக் கூப்பிடுறானோ? எங்கட அகதிக் கேஸும் முடியேல்லை, கடவுளே!” அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

பள்ளிக்கூட ஆங்கிலம் தெரிந்தவள் நான் மட்டும். என்ன கொட்டினீர்கள், பெயின்றா, எண்ணெயா என்று அவர் என்னைக் கேட்டார். செத்துப்போனவருக்குச் சோறு என்றேன். அவர் தட்டைப் பார்த்தார். வோக்கிடோக்கியைத் தாழ்த்தினார். வேலிக்குள் இருந்த வட்டத் தொட்டிகளைக் காட்டி, மெதுவாக ஏதோ விளக்கினார்.

“என்னவாம் பிள்ளை?”

“இது ஊர்ச்சனத்தின்ர கக்கூசுத் தண்ணியாம் அப்பா. சுத்தமாக்கி விடுகினமாம்.”

“ஐயோ! பிறத்தியார் வீட்டில தேத்தண்ணியும் குடியாத மனுசனுக்கே?” என்றார் அம்மா.

“சுத்தமாக்கினதெண்டு சொல்லுறாரெல்லோ, அண்ணி…” சித்தப்பா முடிப்பதற்குள் அப்பா சப்பாத்தோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். கல்லில் பாசி. இரண்டாவது அடியில் வழுக்கினார். அந்த மனிதர் பாய்ந்து அவருடைய கோட்டுக் கொலரைப் பிடித்தார். கொஞ்சநேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அந்த மனிதர் கரண்டியை நீட்டித் தட்டைக் கரைக்கு இழுத்து, அப்பாவின் கையில் கொடுத்தார்.

அதோடு விடாமல், கரையோரமாய் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, அலை பனிக்கட்டியை உடைத்து வைத்திருந்த இடமொன்றைக் காட்டினார். தெளிந்த நீர். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்.

“விடுங்கோ அண்ணை,” என்றார் சித்தப்பா.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். நனைந்த காற்சட்டை விறைக்கத் தொடங்கியிருந்தது.

“வேண்டாம். வீட்டை போவம்.”

காரில் தட்டு அவருடைய மடியிலேயே இருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் நகர்ந்தேன். அந்தத் தண்ணீரின் அருவருப்புத்தான் அப்பாவை இறங்க வைத்தது என்று நெடுங்காலம் நம்பினேன். சிநேகிதிகளுக்கு அதைச் சிரிப்புக் கதையாகவும் சொன்னேன். நல்ல தண்ணீரிலும் ஏன் விடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தியேட்டி பிறகு நடக்கவேயில்லை. நான் எழுதிவரும் குடும்பக் குறிப்பில் பெரியப்பாவின் பெயருக்கு எதிரே பிறந்த திகதி மட்டும் இருக்கிறது. மற்றது இன்னும் உறுதிப்படவில்லை.