எட்டுக் கிலோவோடு கிளம்பி, பதினேழு கிலோவோடு விருதுநகரில் இறங்கினேன்

ஜனவரி 11, ஞாயிறு, காலை 5.15. சைக்கிளில் பைகள் இரண்டு, எடை எட்டுக் கிலோ. மதுரை வில்லாபுரத்திலிருந்து விருதுநகர், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்; கன்னியாகுமரி டூருக்கு ஒத்திகை. போன முறை பத்தொன்பது கிலோவை ஏற்றிக்கொண்டு நாலரை மணி நேரம் உருட்டினேன். கூட வந்த நண்பன் இர்ஃபான் கறாராகச் சொல்லிவிட்டான்: இந்த முறை ஒன்பது மணிக்குள் போய்ச் சேராவிட்டால் கன்னியாகுமரிக்கு அவன் தனியாகப் போவான்.

கழித்தவை: கூடாரம் (வழியெல்லாம் லாட்ஜ் இருக்கிறது, எதற்கு?), அடுப்பு, ஜீன்ஸ், லேப்டாப். தடித்த டவலுக்குப் பதில் ஒரு துண்டு. பம்ப், இரண்டு டியூப், பஞ்சர் சாமான்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கணக்கு சரி. ஆனால் பாதுகாப்புக்கென்று லைவ் லொகேஷனைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். அது பொங்கல் வாரம் என்பது மண்டையில் ஏறவில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டை வாசலில் சித்தப்பா போனைப் பார்த்தபடி நின்றார். விருதுநகர் அத்தைக்குப் பொங்கல் சீராம்: பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. எடை குறைக்கும் முயற்சி பற்றி விளக்கினேன். பையை அமுக்கிப் பார்த்தார்.

"அதான் இம்புட்டு எடம் கெடக்கே."

திருமங்கலத்தில் பெரியப்பா, அதே சீருடன். முடியாது என்றேன்.

"தம்பி சீரு போயி எஞ்சீரு போகலைன்னா, ஒங்க அத்தை எம்மூஞ்சில முழிப்பாளா?"

அதையும் வாங்கிக்கொண்டேன். கரும்பைச் சைக்கிள் கம்பியோடு சேர்த்துக் கட்டும்போது இர்ஃபான் கேட்டான், "மாப்ள, நீ டூர் வந்தியா, சீர் தூக்க வந்தியா?"

அத்தை வீட்டு வாசலில் மணி 8.40. எடை பதினேழு. போன முறையைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம்! எப்படி? காற்றா, டயரா, இன்னொரு சொந்தக்காரர் வந்துவிடுவார் என்ற பயமா? மூன்று தடவை கணக்குப் போட்டும் புரியவில்லை. எடை குறைத்தால் வேகம் வரும் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

ஆறாவது இட்லியில் இர்ஃபான் தீர்ப்புச் சொன்னான். "கன்னியாகுமரிக்கு நீயும் வா. லொகேஷன மட்டும் ஒங்க ஆளுகளுக்கு அனுப்பாத."

இனி செய்யப்போவது:

1. பையையே சின்னதாக மாற்றுவேன். இடம் கிடந்தால் யாராவது நிரப்புவார்கள்.
2. லொகேஷன் இர்ஃபானின் அண்ணனுக்கு மட்டும். அவர் கடையை விட்டு நகர மாட்டார்.
3. கோவில்பட்டியில் நமக்கு யாராவது இருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்க மாட்டேன். கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.