டானியேல் அண்ணாச்சி கதையில் யாரும் தூங்கவில்லை

லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் மிளகாய் வற்றல் மூட்டைகளை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது, கோவில்பட்டியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒங்க மில்லுல இருக்க கனவுக்காரர் ராத்திரி போயிட்டாவளாம். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாவ" என்றார். நல்ல மனுஷர், வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் டானியேல் அண்ணாச்சியின் சாவுச் செய்திகூட அந்தப் பட்டப்பெயரைச் சுமந்துகொண்டுதான் வந்தது. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

அடக்கத்துக்கு மில்லிலிருந்து நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். போதகர் ஜெபம் செய்துவிட்டு, "எல்லாம் கனவு என்று நம் சகோதரர் டானியேல் அன்றைக்கே எழுதிவைத்தார். இந்த வாழ்வும் அப்படிப்பட்டதுதான்" என்று பேசினார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அச்சில் வந்ததைத்தான் அவர் சொன்னார். நீங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த வரியை அவர் எழுதவில்லை. உயிரோடு இருந்தவரை அவரை அறுத்துக்கொண்டிருந்த வரி அது. அதைக் கல்லறைவரை கொண்டுபோய் அவர் பெயரிலேயே சேர்த்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோவில்பட்டியில் நூல் மில் ஒன்றின் டைம் ஆபீசில் அவர் டைம் கீப்பர். நான் அதே அறையில் குமாஸ்தா. சங்கு ஊதிய பிறகு வருகிறவர்களை உள்ளே விடுவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவர் கையில் இருந்தது. அடக்கத்தன்று யாரோ அவரைச் சாந்த சொரூபி என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்த மில்லில் கிடையாது. கறார் பேர்வழி, வாயும் நீளம். சொந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தார், அதை அவரே ஒப்புக்கொள்வார்.

எங்களுக்குள் சிநேகம் பிடித்தது ஒரு கடலைமிட்டாய்க் கடையில். பொட்டலம் கட்டுவதற்காகக் கடைக்காரர் மதுரையிலிருந்து பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார். எந்தத் துரை வீட்டில் கழித்ததோ, அதற்குள் இங்கிலீஷ் கதைப் பத்திரிகைகள் கிடந்தன. காலத்துக்குள் பயணம் போகிறவன், நம் உலகத்தைப் போலவே பக்கத்தில் இருக்கிற இன்னோர் உலகத்துக்குள் தவறி விழுகிறவன் என்று விஞ்ஞானக் கதைகள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் பாதிப் பக்கங்கள் மிட்டாயோடு போயிருக்கும். எந்தக் கதைக்கும் முடிவு கிடைக்காது. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முடிவு சொல்லுவோம். என் முடிவில் ஒன்று உலகம் அழியும், இல்லையென்றால் ஒரு ராஜா சாவான்.

அவர் முகத்தைச் சுளிப்பார். "போறவன்லாம் ராசாவக் கொல்லப் போறான், யுத்தத்த நிறுத்தப் போறான். ஒருத்தனாவது பொண்டாட்டிக்கு ஒரு வாய் சோறு குடுக்கப் போறானா வே?" என்பார். மெஷினைப் பற்றி நான் ஏதாவது ஆரம்பித்தால் அதற்கும் வெட்டு விழும். "மெஷின் எப்படி ஓடுதுன்னு எவனுக்கு வேணும்? போனவன் அங்கன என்னத்தத் தொட்டான், அதச் சொல்லும். தொட்டா தொட்டதுதான். திரும்பி வந்து இல்லன்னு சொல்லப்பிடாது." காலப் பயணக் கதைக்கு அவர் வைத்திருந்த ஒரே சட்டம் அதுதான்.

அவர் மனைவி எஸ்தர் அம்மாளுக்கு வயிற்றில் கட்டி. ஐந்து வயது மகள் குளோரியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, மனைவியை ரயிலில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நம் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி வந்து கடந்து போகும்வரை வண்டியைக் கடம்பூரில் போட்டுவிட்டார்கள். ஜன்னலோரம் போளி விற்றுக்கொண்டு வந்தார்கள். "ஒண்ணு வாங்கித் தாங்களேன், ஆசையா இருக்கு" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். இவர் எரிந்து விழுந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இனிப்பு கேக்குதியே, அறிவிருக்கா? வரும்போது வாங்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டு, கூஜாவில் தண்ணீர் பிடிக்க இறங்கிப் போய்விட்டார்.

வரும்போது அந்த அம்மாள் இல்லை. பாளையங்கோட்டையிலேயே அடக்கத்தை முடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். அன்றும் கடம்பூரில் கிராசிங். போளிக்காரர் நேராக இவர் ஜன்னலுக்கே வந்து நின்றாராம்.

அடுத்த வருஷம் ஒரு கதை எழுதினார். 'கிராசிங்' என்று பெயர். மனைவியை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த ஒருவன் ஊர் திரும்புகிறான். கடம்பூரில் வண்டி நிற்கிறது. எதிர்வண்டி வந்து பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கிறது. அதன் ஜன்னலில் அவன் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அவனே உட்கார்ந்திருக்கிறான். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்கு வந்த வண்டி அது. இரண்டு காலங்கள் ஒரே ஸ்டேஷனில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கின்றன. சிக்னல் கைகாட்டி இறங்கிவிட்டால் வண்டிகள் கிளம்பி இரண்டும் பிரிந்துவிடும். போகாதே, வேறு டாக்டரைப் பார் என்று கத்த வாயெடுக்கிறான். எந்த டாக்டராலும் ஆகாது என்பது அவனுக்கு இப்போது தெரியும். எதிர்வண்டியில் இருக்கிறவன் அவளிடம் எரிந்து விழுந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறான். இவன் குதித்து இறங்குகிறான். போளி வாங்கி அவள் ஜன்னலில் நீட்டுகிறான். தாடியும் அழுத முகமுமாக நிற்கிறவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் நீங்கள் என்று கேட்கிறாள். "ஒங்க வீட்டுக்காரர் குடுக்கச் சொன்னாரு" என்கிறான். அவள் வாங்கிக்கொள்கிறாள். கதையின் கடைசி வரி இது: 'அவள் தின்று முடிக்கும்வரை கைகாட்டி இறங்கவில்லை.'

டைம் ஆபீசில் எனக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "அன்னைக்கு அவங்க நல்லதுக்குத்தானே வேண்டாம்னீங்க அண்ணாச்சி" என்றேன். "நல்லதுக்கா? தொந்தரவு பண்ணுதாளேன்னு சொன்னேன் வே. நான் ஒழுங்கா இருந்திருந்தா எனக்குக் கதை என்னத்துக்கு?" என்றார். நகல்கூட எடுத்து வைக்காமல் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்.

கதை வந்தது. படமும் போட்டிருந்தார்கள், ரயிலில் ஒருவன் வாயைப் பிளந்து தூங்குகிற படம். படத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. போளியை நீட்டிய கை ஜன்னலை எட்டப் போகிற இடத்தில் பத்திரிகைக்காரர்கள் கதையை வெட்டிவிட்டு, சொந்தமாக இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். "டிக்கெட்! டிக்கெட்!" என்று பரிசோதகர் அதட்டுகிறார். அவன் திடுக்கிட்டு விழிக்கிறான். சே, எல்லாம் கனவு!

மறுநாளிலிருந்து ஊர் ஆரம்பித்தது. "என்ன அண்ணாச்சி, முழிச்சாச்சா?" என்று மில் கேட்டில் வைத்துக் கேட்டார்கள். தாமதமாக வந்து அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கனவு டானியேல், கனவுக்காரர். சின்னப் பிள்ளைகள்வரை அந்தப் பெயர் போய்விட்டது. அது கேலியா, செல்லமா என்றுகூடப் பிறகு யாருக்கும் ஞாபகம் இல்லை. அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகவே இருந்தது.

பிறகு அந்தப் பத்திரிகையின் ஆசிரியரே நம் மில் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். தமிழில் விஞ்ஞானக் கதைகள் வளர வேண்டும், நம் எழுத்தாளர்களுக்குக் கற்பனை போதாது என்று நீளமாகப் பேசினார். கூட்டத்திலிருந்து அண்ணாச்சி எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். என் கதையில வார ஆளு தூங்கவே இல்ல. நீங்க அவன எப்படி முழிக்க வச்சீங்க?"

ஆசிரியருக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னதும் சிரித்துவிட்டார். "ஓ, அந்த ரயில் கதை நீங்கள்தானா? கடம்பூர் வண்டியில் தூங்காமல் வந்த ஒரே பிரயாணி நீங்களாகத்தான் இருக்கும்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு சற்றுப் பெரிய மனுஷத் தோரணையில், "நம் வாசகர்கள் சாதாரண ஜனங்கள் சார். போன மாசத்து ரயிலும் இந்த மாசத்து ரயிலும் ஒரே ஸ்டேஷனில் வந்து நின்றால் குழம்பிவிடுவார்கள். கனவு என்றால் எல்லாருக்கும் புரியும்" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு.

நம் ஊர்க்காரனுக்கா கிராசிங் புரியாது? ரயிலில் ஏறினாலே எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்கிறவன் அவன். அன்றைக்குக் கைதட்டியவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். என்ன புரிந்தது என்று தட்டினீர்கள்?

விழா முடிந்து இருவரும் சேர்ந்து திரும்பினோம். ரயில்வே கேட் பக்கம் வந்ததும் நின்றார். "கனவுன்னா என்ன அர்த்தம் தெரியுமா வே? அவன் கை அந்த ஜன்னலத் தொடலன்னு அர்த்தம். அவ கையில ஒண்ணுமே விழலன்னு அர்த்தம். நான் அவளுக்குக் குடுத்தேன். இவன் தட்டிவிட்டுட்டான்" என்றார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அந்தக் கதையை மறுபடி எழுதித் தாருங்கள், வேறு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று எத்தனையோ தடவை கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். அச்சுக்கென்று அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. ஆகாயத்துக்கு மனிதனை அனுப்பிய செய்தி வந்தபோது மன்றத்துக்காரர்கள் ஓடிவந்து, ராக்கெட் கதை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். "அதுலயும் ஒருத்தன் தூங்குவானா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

வாய்க்கதை மட்டும் நிற்கவில்லை. ஒரு வருஷம் ஐப்பசி மழை பொய்த்து, எங்கள் கரிசல் நிலம் வெடித்துக் கிடந்தது. போட்ட பருத்தி முளைக்கவே இல்லை. நான் நொந்துபோய், "மழை பெஞ்ச கோவில்பட்டின்னு ஒண்ணு எங்கயாவது பக்கத்து உலகத்துல இருக்கும்லா, என்னை அங்கன கொண்டுபோய் விட்டிருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அங்கன ஒம்மள மாதிரியே ஒரு ராகவலு இருப்பாரே. வெதச்சு, களையெடுத்து, பருத்தி வெடிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருப்பாரு. அவர என்ன செய்ய? இந்த வெறுங்கரிசல்ல கொண்டுவந்து தள்ளணும். தள்ளுவீரா?" என்று கேட்டார். வேறோர் உலகம் கிடைத்தால் நமக்கு என்ன லாபம் என்றுதான் எல்லாரும் யோசிப்போம். அங்கே இருக்கிறவனுக்கும் அது தன் ஒரே உலகம் என்று யோசித்த ஆளை, வாயைப் பிளந்து தூங்குகிறவனாகப் படம் போட்டுக் காட்டினார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். குளோரி இப்போது டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். வந்தவர்களெல்லாம் போன பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, போதகர் சொன்ன கதைய நான் படிச்சிருக்கேன். எனக்குப் பிடிக்கல. கடைசியில ஏமாத்திட்டீங்களேப்பான்னு அப்பாட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம எந்திச்சு வெளிய போயிட்டாவ. ஏன் மாமா?"

பெற்ற மகளிடம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கடம்பூரில் அவள் அம்மா கேட்டது, அவள் அப்பா எரிந்து விழுந்தது, அவர் எழுதியது, மற்றவர்கள் வெட்டியது. கதையின் முடிவை அவர் எழுதியபடியே சொன்னேன். அசையாமல் கேட்டாள்.

"அப்போ அம்மா சாப்பிட்டாவளா?"

"சாப்பிட்டாவ தாயி."

"கதையில."

"ஆமாம்மா, கதையிலதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அப்பாவின் முகம் அப்படியே அவளிடம் வந்து நின்றது.

"அதையுமா மாமா புடுங்கிட்டாவ?" என்றாள்.

அதற்கு யார் பதில் சொல்வது? காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று அன்றைக்கு என்னிடம் ஒருவர் சொன்னார். எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபத்தையும், எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாக இருக்கிற அந்தக் கதையையும்தான். வேறெங்கும் அது இல்லை. அவரை இனிக் கனவுக்காரர் என்று என் காதுபட யாரும் சொல்லவேண்டாம். கைகாட்டி இறங்கவில்லை. எஸ்தர் அம்மாள் அந்தப் போளியைத் தின்று முடித்தார்.