சுண்ணாம்புத் தொட்டியும் உலகச் சாம்பியனும்

தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் நான் இருந்த கம்பெனியில் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருவன் தொட்டியில் இறங்கி, மயிர் கழல ஊறிய தோலை இழுத்துக் கரையில் போட்டால், மற்றவன் மாடிக் கொட்டகையில் பதனிட்ட தோலைக் கம்பிகளில் உலர்த்திக்கொண்டிருப்பான். வாரம் கழிந்ததும் மாற்றிக்கொள்வோம். மழைக்காலத்தில் மட்டும் அந்த மாற்று கிடையாது. மழையில் ஆளை மாற்றினால் வேலை சிக்கிக்கொள்ளும் என்பார் மேஸ்திரி. ஒருமுறை இறங்கியவன் மழை விடும்வரை கீழேதான். அதனால் ஐப்பசி வந்தால் ஜோடிக்குள் யார் இறங்குவது என்பதற்குப் பந்தயம் கட்டுவது வழக்கம். காசுக்கு அல்ல, தொட்டிக்கு. ஒரு வருஷம் கிரிக்கெட், ஒரு வருஷம் தேர்தல் என்று எது கிடைக்கிறதோ அது. அந்த வருஷம் குத்துச்சண்டை கிடைத்தது.

எங்கள் டீக்கடையில் புதிதாகக் கேபிள் இழுத்திருந்தார்கள். அதில் எந்த நேரமும் ஒரு விளம்பரம் ஓடியது. கனத்த உடம்புக்காரர்களின் உலகப் பட்டத்துக்கான சண்டை, ஞாயிற்றுக்கிழமை காலை, நேரடியாக. பெல்ட் வைத்திருந்த சாம்பியனுக்கு வயது ஏறியிருந்தது. அதைப் பறிக்க வந்தவன் இளையவன், கழுத்தே இல்லாத ஆள். இருவரும் எங்கோ அமெரிக்காவில் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். நாங்கள் கையில் டீ கிளாஸோடு அவர்களைப் பார்த்தோம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏலகிரி லாட்ஜில் பாத்திரம் கழுவினேன், அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் தூக்கினேன், பிறகு இங்கே வந்தேன். ஓர் இடத்தில் நிலைத்து நிற்கும் குணம் எனக்கு இல்லை. என்னோடு ஜோடியாக இருந்தவனும் அரக்கோணம் பக்கம்தான். ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவன் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, என்னைப் போல் ஓடுகிறவன் அல்ல. அந்த மழைக்குள் அவனுக்குக் கல்யாணம். பெண், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வார்டில் நர்ஸ்.

அவனுடைய கவலை மோதிரம். மோதிரத்துக்கு அளவு கொடுத்தது அவன் மாடிக் கொட்டகையில் இருந்த வாரத்தில். கை ஆறி, விரல் மெலிந்திருந்த சமயம். தொட்டியில் இறங்கினால் சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்னும், கணு வீங்கும். கம்பெனி கொடுக்கும் ரப்பர் கையுறைக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே வராது. கையுறை இல்லாமல் இருப்பதே மேல் என்று பலரும் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

"கோயில்ல அத்தினி பேரு முன்னாடி மோதிரம் ஏறாம நின்னா இன்னா நெனப்பாங்க?" என்றான். அதே கேள்வியைத் தினமும் கேட்டான்.

"நானே எறங்கறேன், உட்டுரு" என்றேன்.

"ஓசியில வேணாம். போன மழைக்கும் நீதான் எறங்கின. மாப்ள கெஞ்சி மேல ஏறிட்டான்னு நாளைக்கு யார்டு பூரா பேசும்."

அதனால் பந்தயம்தான் என்று ஆயிற்று. சண்டை ஞாயிற்றுக்கிழமை. தோற்றவன் திங்கட்கிழமை இறங்க வேண்டும்.

யார் ஜெயிப்பான் என்று சொல்வதற்கு எங்களிடம் ஒருவர் இருந்தார். தோலைத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்பவர். எல்லோருக்கும் அவர் செலெக்‌ஷன் பாய். தோலின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டுவார். ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. சண்டை வாரத்தில் யாரோ இரண்டு குத்துச்சண்டைக்காரர்களின் படமும் பெரிதாக வந்த பேப்பரைக் கொண்டுவந்து அவர் மேசையில் விரித்தார்கள். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தோலைப் பார்ப்பது போலவே பார்த்தார். கட்டைவிரல் சாம்பியனின் புருவத்தில் போய் நின்றது.

"இது வெள்ளாட்டுத் தோலு. மெல்லிசு. இங்க ஏற்கெனவே தெச்சிருக்கான் பாரு. தெச்ச எடம் எப்பவும் தெச்ச எடந்தான், பிரிஞ்சுடும்." விரல் இளையவனிடம் போயிற்று. "இவன் எருமை. கத்தி போட்டாலும் எறங்காது."

"எருமை மெதுவா நடக்குமே பாய்?" என்றான் தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுகிறவன்.

"நடக்கட்டும்பா. உனுக்கு இன்னா அவசரம்? கடைசியில நிக்கறவனுக்குத்தான் பெல்ட்டு."

"அந்த பெல்ட்டு இன்னா தோலு பாய்?"

பாய் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். எல்லோரும் காத்திருந்தோம்.

"ரெக்ஸின்" என்றார்.

அன்று முழுக்க யார்டில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் புருவத்தைப் பற்றி அவர் சொன்னதில் யாரும் சிரிக்கவில்லை. பாய் ரிஜெக்ட் என்று ஒதுக்கியதை எடுத்து ஃபர்ஸ்டில் வைத்தவன் அந்தக் கம்பெனியில் கிடையாது. என் அறைக்காரன் இளையவனைக் கேட்டு வாங்கிக்கொண்டான். எனக்கு மீதி சாம்பியன். மனசுக்குள் நானும் இளையவன் பக்கம்தான் இருந்தேன். தொட்டி எனக்கென்று முடிவாகிவிட்டதாகவே நினைத்து, பழைய கால்சட்டை ஒன்றைத் துவைத்து எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை மாலை அந்த விளம்பரத்தில் புதிதாக ஒரு காட்சி சேர்ந்திருந்தது. சாம்பியன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். வயசான ஒருவர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணியை விட்டு, சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார். அவசரமே இல்லை. என் அறைக்காரன் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்ரா, கைக்கு எவ்ளோ மரியாதைன்னு."

"நீ எருமைக்காரன் ஆச்சே, வெள்ளாட்டுக் கைய ஏன் பாக்கற?" என்றார் டீக்கடைக்காரர்.

"கை யாருதா இருந்தா இன்னா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. அன்றுதான் அவனுக்கு முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆயர் சபையைக் கேட்பார். மாப்பிள்ளை அங்கே இருக்க வேண்டும். சண்டையும் அதே நேரம். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "முடிஞ்சதும் வந்து சொல்லு. கேட்டாண்டயே நில்லு" என்று சொல்லிவிட்டுக் குடையோடு போனான்.

டீக்கடையில் உட்கார இடமில்லை. பாய்க்கு மட்டும் முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் யார் யாரோ சில்லறை ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் வந்தார்கள். சாம்பியன் நிற்கவே இல்லை. எட்டிக் குத்தினான், விலகினான், மறுபடி எட்டிக் குத்தினான். எருமை அவன் பின்னாலேயே நடந்தது. எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. புள்ளி என்று ஒன்று இருப்பதும், யாரோ ஓரத்தில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருப்பதும் எங்களில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதிச் சண்டையில் அது பிரிந்தது. பாய் விரல் வைத்த அதே இடம். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ரிஜெக்ட்டு!" என்று பாய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

கடை அதிர்ந்தது. டிரம் ஓட்டுகிறவன் அவர் கையைப் பிடித்துக் கட்டைவிரலுக்கு முத்தம் கொடுத்தான். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரம் கறுத்த டிவியைப் பார்த்தபடி நின்றோம். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மீதியை யாரும் விசாரிக்கவில்லை. கிழிந்த தோலை ஓரமாகப் போட்ட பிறகு எடுத்துப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

நான் மழையில் நடந்து கோயில் வாசலுக்குப் போனேன். அவன் வெளியே வந்தான்.

"நீ கெலிச்சுட்ட."

"நெஜமாவா?"

"பாய் சொன்ன அதே எடம். பொளந்துக்கிச்சு."

அவன் தன் விரல்களை விரித்துப் பார்த்தான். எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை நான் இறங்கினேன். சுண்ணாம்பில் ஊறிய தோல் தண்ணீரைக் குடித்து ஆள் கனம் கனக்கும். கொக்கியால் இழுத்தாலும் கடைசியில் கையைத்தான் கொடுக்க வேண்டும். முதல் நாள் கை எரியாது. வழவழவென்று சோப்புப் போட்டது போல் இருக்கும், அவ்வளவுதான். டீ நேரத்தில் டிரம் ஓட்டுகிறவன் பேப்பரோடு வந்தான். விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் சின்னப் படம். ஒரு கண் மூடி, புருவத்தில் பிளாஸ்திரியோடு சாம்பியன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்று வரை நின்று, புள்ளியில் ஜெயித்திருந்தான்.

பாய் பேப்பரை வாங்கி, படித்ததையே மறுபடி படித்தார். "தோலு கிழிஞ்சது நெஜந்தானே?" என்றார்.

"நெஜந்தான் பாய். ஆளு கிழியலியே" என்றான் டிரம் ஓட்டுகிறவன்.

பாய் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டார். நான் திரும்பவும் தொட்டிக்குள் இறங்கினேன். செய்தி மாடிக்குப் போகாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கம்பெனியில் செய்தி எங்கேயும் நின்றதில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டே படியிறங்கி வந்தான்.

"ஏறு" என்றான்.

"யாரும் கேக்கல. பாய் கூட வாய மூடிக்கினாரு. நீ மேல போ."

"ஏறுன்றேன்ல."

"கல்யாணம் முடிஞ்சு எறங்கிக்கலாம்டா. பேஜார் பண்ணாத."

"நேத்துதான் என் பேர வாசிச்சாங்க. யாருக்காவது ஆட்சேபணை இருக்குதான்னு ஆயர் கேட்டாரு. பந்தயத்துல ஏமாத்துனான்னு ஒருத்தன் எழுந்து நிக்கணுமா?"

நான் ஏறினேன். அவன் இறங்கினான். முதல் நாள் என்பதால் மேஸ்திரி கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷம் மழை நல்ல மழை. மாடிக் கொட்டகையின் மரச் சட்டங்களுக்கு நடுவே பார்த்தால் அவன் முதுகு தெரியும். சாயங்காலம் அறைக்கு வந்தால் தேங்காய் எண்ணெயைத் தடவி, இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு உட்காருவான். சோற்றை ஸ்பூனால் தின்றான். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். நான் மேஸ்திரியிடம் போய் மாற்றிவிடச் சொன்னேன். "மழ முடியட்டும்பா, எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கைகளும் ஒரு காலத்தில் தொட்டியில் கிடந்தவைதான்.

கல்யாணம் வேலூரில் பெண் வீட்டாரின் கோயிலில் நடந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. அவன் கையை நீட்டினான். மோதிரம் கணுவரை போயிற்று, அங்கே நின்றது. அவன் முகத்தைப் பார்க்காமல் நான் முன்வரிசைப் பெண்களின் தலைப்பூவைப் பார்த்தேன். அந்தப் பெண் அழுத்தவில்லை. அவன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். வார்டில் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். பிறகு மோதிரத்தை எடுத்துச் சுண்டு விரலில் போட்டுவிட்டாள். ஆயர் கொஞ்சம் தாமதித்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இன்னாவாம்?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"வெரலு வீங்கிக்கீது போல" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவ்வளவுதான் பேச்சு. அடுத்து ஞானப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள்.

வெளியே அவன் கையைக் குலுக்கப் போனேன். மணிக்கட்டை நீட்டினான்.

"இனிமே எறங்கக் கூடாதாம். மேஸ்திரிய வார்டுக்கு வந்து பாக்கச் சொல்றா" என்று சிரித்தான்.

மேஸ்திரி போகவில்லை. கல்யாண லீவு முடிந்து அவன் வந்தபோதும் மழை விட்டிருக்கவில்லை. காலையில் தொட்டிக்குப் போகும் முன் மாடிக்கு ஏறி வந்து மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். சுண்டு விரலில் இருந்ததால் கழற்றுவது சுலபமாக இருந்தது. நான் அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சாயங்காலம் அவன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். மழை விடும்வரை தினமும் அப்படித்தான் நடந்தது.